பதினொரு வருடம் நான் ஜேசன்

மனைவிக்குக் கோபம் வந்தால் என்னை "மிஸ்டர் ஜேசன்" என்றுதான் கூப்பிடுவாள். பிள்ளைகளுக்கு அது பகிடி. எனக்கு அது பதினொரு வருடம் சோறு போட்ட பெயர்.

2005ல் கொழும்பில் ஒரு கோல் சென்டரில் சேர்ந்தேன். அமெரிக்கர்களின் கேபிள் டிவி, இன்டர்நெட் பில் தகராறுகளைக் கேட்டுத் தீர்த்துவைக்கிற வேலை. கோடைகாலத்தில் நியூயோர்க்கில் காலை ஒன்பது மணி என்றால் எங்களுக்கு மாலை ஆறரை. வெள்ளவத்தைக் கடைக்காரர்கள் ஷட்டரை இழுக்கிற நேரத்தில் வேன் வந்து என்னை ஏற்றும். விடிய ஐந்தரைக்குக் கொண்டுவந்து இறக்கும்போது கடற்கரைப் பக்கம் முதல் ரயில் போய்க்கொண்டிருக்கும்.

பயிற்சியின் மூன்றாம் நாள் ஆளுக்கு ஒரு தாள் தந்தார்கள். போன் பெயர் என்று ஒரு கட்டம். அதில் அமெரிக்கப் பெயர் ஒன்றை எழுத வேண்டும். நான் ரோகிணி நட்சத்திரம். ஓ, வ, வி, வு என்று சாத்திரியார் எழுதிக்கொடுத்த நான்கில் அப்பா பிடித்த எழுத்து "வி". அமெரிக்காவுக்கும் அதே எழுத்து போதும் என்று நினைத்து "விக்டர்" என்று எழுதிக்கொடுத்தேன்.

இரண்டாம் கிழமை சான் அன்டோனியோவிலிருந்து ஓர் அம்மா. பெயரைச் சொன்னதுமே அவருடைய குரல் மலர்ந்தது. அடுத்த நொடி ஸ்பானிய மொழியில் பொழிந்து தள்ளிவிட்டார். எனக்குத் தெரிந்த ஸ்பானியம் "அமீகோ" மட்டும். அவரில் பிழையில்லை. ஊர் டெக்சாஸ், ஆளின் பெயர் விக்டர், ஆங்கிலத்தில் வேறு ஏதோ வாடை. மெக்சிகோக்காரப் பெடியன் என்று முடிவுகட்டாமல் வேறு என்ன செய்வார்?

பக்கத்து இருக்கையில் இருந்த சிங்கள அக்கா சிரித்து முடித்துவிட்டு, எழுத்தைப் பார்க்காதே, பிறந்த வருடத்தைப் பார் என்றார். அவர்தான் அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பெயர்ப் பட்டியலைக் காட்டினார். 1880இலிருந்து எந்த வருடம் எத்தனை குழந்தைகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று அதில் எண்ணிக்கையோடு கிடக்கிறது. அதை முதலில் தொகுத்து இணையத்தில் போட்டவர் அங்கே வேலைபார்த்த மைக்கேல் ஷாக்கிள்ஃபோர்ட். திரும்பிய பக்கமெல்லாம் மைக்கேல்கள் என்று அலுத்துப்போய், தன் பிள்ளைக்காவது அப்படி ஒரு பெயர் வைக்கக்கூடாது என்று தேடப்போனவர். அவருடைய அலுப்பில் நியாயம் இருக்கிறது: 1954 முதல் 1998 வரை, டேவிட் முந்திய 1960ஐ விட்டால், ஆண் குழந்தைகளில் மைக்கேல்தான் முதலிடம். நான் பிறந்த 1979ஐத் தட்டினேன். மைக்கேல், கிறிஸ்டோபர், அடுத்தது ஜேசன். சரி, ஜேசன். அதற்குப் பிறகு ஒருவரும் என்னோடு ஸ்பானியம் பேசவில்லை.

சாத்திரியார் பார்ப்பது நட்சத்திரம். அமெரிக்கப் பெயரில் வருடம் எழுதியிருக்கிறது. இதை எனக்கு நன்றாக விளங்கவைத்தவள் எங்கள் அணியிலேயே இளையவள், இருபத்திரண்டு வயது. அவள் போன் பெயர் லிண்டா. ஒரு நாள் கிழவர் ஒருவர் அவளிடம், "பிள்ளை, என் மனைவி பெயரும் லிண்டா, அவள் வகுப்பில் ஐந்து லிண்டாக்கள் இருந்தார்கள், உன் குரல் பேத்தியின் குரல் மாதிரியல்லவா இருக்கிறது" என்று கேட்டுவிட்டார். 1947 முதல் 1952 வரை பெண் பெயர்களில் முதலிடம் லிண்டாவுக்கு. 1947ல் மட்டும் 99,000க்கும் மேற்பட்ட பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயர். இங்கே இருபத்திரண்டு வயதுப் பெட்டை போனை எடுத்து "வணக்கம், நான் அன்னலட்சுமி பேசுகிறேன்" என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான். மறுநாள் அவள் ஆஷ்லி ஆனாள்.

எங்கள் திரையில் வாடிக்கையாளரின் பெயர், பிறந்த வருடம், ஊர் மூன்றும் வரும். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு குறைந்தால் பந்தயம் வைப்போம்: ஒருவன் பெயரை மட்டும் வாசிப்பான், மற்றவர்கள் வயதைச் சொல்ல வேண்டும். தோற்றவன் பிளேன்டீ வாங்கித்தர வேண்டும். மில்ட்ரட், டொரத்தி என்றால் எண்பது தாண்டியது. பார்பரா, கரோல் அறுபதுகளில். ஜெனிஃபர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 1970 முதல் 1984 வரை பதினைந்து வருடம் அசையாமல் முதலிடத்தில் இருந்த பெயர் அது.

வயது பிடிபட்டதும் ஊரும் குலமும் மெல்ல மெல்லத் தெரியவந்தன. யூட்டாவிலிருந்து "நீஃபை" என்று ஒருவர் வந்தபோது தட்டச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். மோர்மன்களின் வேதநூலில் வருகிற பெயராம். "ட்ரே" என்பவர் அநேகமாக வீட்டில் மூன்றாமவர்: தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இவருக்கும் ஒரே பெயர், குழப்பம் தீர்க்க மூன்று என்ற பொருளில் ஒரு செல்லப் பெயர். தென் மாநிலங்களில் மேரி பெத், பில்லி ஜோ என்று இரட்டைப் பெயர்கள்; அவர்களிடம் முதல் பாதியை மட்டும் சொன்னால் முகம் சுளிப்பது போனிலேயே கேட்கும். பழைய பணக்கார வீடுகளில் தாய்வழிக் குடும்பப் பெயரையே பிள்ளைக்கு முதற்பெயராகத் தூக்கிவைக்கும் வழக்கம் உண்டு. சினிமாவும் தன் பங்குக்குப் புகுந்து விளையாடும். 1984ல் ஒரு படத்தில் கடல்கன்னி ஒருத்தி நியூயோர்க் தெருப் பலகையைப் பார்த்துத் தனக்கு மேடிசன் என்று பெயர் வைத்துக்கொண்டாள். பகிடிக்கு வைத்த பெயர் 2001ல் பெண் பெயர்களில் இரண்டாம் இடம். "ஆர்யா" அங்கே பெண் பிள்ளைப் பெயர் என்று அறிந்த அன்று எங்கள் தமிழ் மேசை வேலையையே நிறுத்திவிட்டுச் சிரித்தது.

2009ல் நான் அணித் தலைவன் ஆனேன். அந்தத் தாள் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தினேன். புதிதாக வருகிறவர்களைக் கன்டீனில் உட்காரவைத்துக் கேட்பேன்: எந்த வருடம் பிறந்தாய், அப்பா என்ன வேலை, எங்கே வளர்ந்தாய், என்ன விளையாட்டு, ஞாயிறு காலை வீட்டில் என்ன நடக்கும்? (சொந்தப் பெயர்கள் வேண்டாம், பாதிப் பேர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள்.)

பருத்தித்துறைப் பெடியன் ஒருவன். 1990ல் பிறந்தவன். அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை. இவனுக்கும் நகக்கண்ணில் கிரீஸ் போகவே இல்லை. வீட்டில் இரண்டு நாய், மாலையில் மைதானம். இவன் அமெரிக்காவில் பிறந்திருந்தால் மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊர், ஒரு பிக்கப் வண்டி, பின்தட்டில் அந்த நாய்கள். "கோடி" என்று வைத்தேன். அந்த நாட்களில் அங்கே ஓடித்திரிந்த பெயர், வயதுக்கும் பொருந்தியது. அவ்வளவு யோசித்த நான் தமிழில் அது எப்படி ஒலிக்கும் என்று யோசிக்கவில்லை. ஒரு கிழமைக்குள் கோடீஸ்வரன் ஆகிவிட்டான். சம்பள நாளில் அவனிடம் கடன் கேட்காதவர்கள் இல்லை.

கறுவாத்தோட்டத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அப்பா சட்டத்தரணி, பியானோவில் கடைசி கிரேட் வரை முடித்தவள், டென்னிஸ். எலிசபெத் என்றேன். சுருக்கி லிஸ் என்று வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், உங்கள் வீட்டில் பெயரைச் சுருக்கமாட்டார்கள் என்றேன். சிரித்துக்கொண்டே "எப்படித் தெரியும் அண்ணா?" என்றாள். மன்னார்க் கத்தோலிக்கப் பெடியனுக்கு வேலையே இருக்கவில்லை, அன்ரனை அந்தோனி ஆக்கினால் முடிந்தது. கல்முனை முஸ்லிம் தம்பி மட்டும் பெயரை மாற்றவே மாட்டேன் என்று நின்றான். "ஏன் சேர், எங்கட பெயர் உள்ள ஆக்கள் அமெரிக்காவில இல்லையா?" இருக்கிறார்கள்தான், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் டியர்போர்ன் முழுக்க இருக்கிறார்கள். அவனை அவன் பெயரிலேயே விட்டேன். ஒரு முறைப்பாடும் வரவில்லை.

முறைப்பாடு வந்தது கொட்டாஞ்சேனைக் கெவினுக்கு. ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து அவன் கெவின்தான், அடையாள அட்டையிலும் கெவின். ஆனால் நாளுக்கு ஒருவராவது "சரி தம்பி, உன் உண்மையான பெயர் என்ன?" என்று கேட்பார்கள். கோடியை ஒருவரும் சந்தேகிக்கவில்லை, கெவினை ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் அவன் வெறுத்துப்போய்த் தன் "உண்மையான பெயர்" சுப்பிரமணியம் என்று சொல்லத் தொடங்கினான். அவர்களுக்குத் திருப்தி.

இதெல்லாம் விளையாட்டாக இருந்தாலும், உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. 2004ல் பெர்ட்ராண்ட், முல்லைநாதன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பொஸ்டனிலும் சிகாகோவிலும் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தரமான விண்ணப்பங்களை அனுப்பினார்கள், பெயரை மட்டும் மாற்றி. எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்கு, லக்கீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. அதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அமெரிக்கா இல்லை. வேனை மறிக்கிற சோதனைச் சாவடி. டோர்ச் வெளிச்சத்தில் அடையாள அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். சிங்கள நண்பனின் அட்டை உடனே திரும்பி வரும். என்னுடையதில் கை நிற்கும். "கம கொஹெத?" ஊர் எது? ஐந்து நிமிடத்துக்கு முன்தான் நான் நெப்ராஸ்காவில் ஒருவருக்கு ஜேசனாக இருந்து நல்வாழ்த்துச் சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன். அந்த அட்டையில் ஜேசன் இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்கப் பெயர் ஒன்றும் புதிதில்லை என்பது பிறகுதான் உறைத்தது. 1816இலிருந்து அமெரிக்க மிஷனரிமார் அங்கே இருந்தார்கள். விடுதிப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைப் படிப்பிக்க அமெரிக்காவில் யாரோ பணம் கட்டுவார்கள். கட்டியவர் சொன்ன பெயர் பிள்ளைக்கு. பின்னணியாவது நட்சத்திரமாவது! "உதயதாரகை" பத்திரிகை ஆசிரியர் சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனார். கலித்தொகையை 1887ல் அச்சேற்றிய தாமோதரம்பிள்ளைக்கு சார்ல்ஸ் வின்ஸ்லோ கிங்ஸ்பெரி என்று பெயர். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்: ஆங்கிலத்தில் அவர் சி. டபிள்யூ. தாமோதரம்பிள்ளை, அதாவது சார்ல்ஸ் வின்ஸ்லோ. தமிழில் சி. வை. தாமோதரம்பிள்ளை, அதாவது சிறுப்பிட்டி வைரவநாதர் மகன். ஊரையும் தகப்பனையும் தமிழ் முன்னெழுத்தில் வைத்துக்கொண்டு, மிஷன் கொடுத்ததை ஆங்கில முன்னெழுத்தில் விட்டுவிட்டார். நான் பதினொரு வருடம் செய்ததை மனிதர் இரண்டு எழுத்தில் முடித்துவிட்டார்.

கோல் சென்டரை விட்டுச் சில வருடங்களில், நியூஜேர்சியில் இருக்கிற தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. "அண்ணா, நீ எத்தினை பேருக்குப் பேர் வைச்சனி, எங்களுக்கும் ஒண்டு சொல்லு" என்று கேட்டாள். நான் வழக்கமான கேள்விகளை எடுத்தேன். அப்பா கணினி வேலை, அம்மா கணக்காளர், சனிக்கிழமை பரதநாட்டியம், ஞாயிறு முருகன் கோயில், பனிக்காலத்தில் வாசலில் உப்புப் போட வேண்டிய வீடு. மாயா, நிலா, லீலா என்று இரண்டு பக்கமும் ஓடக்கூடிய ஐந்தாறு பெயர்களை எழுதி அனுப்பினேன். பட்டியலில் ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்றும் பக்கத்தில் போட்டேன்.

அம்மா வெள்ளவத்தையிலிருந்து சாத்திரியாருக்கு ஒரு போன் எடுத்தா. அவ்வளவுதான். வந்து சேர்ந்த பெயரில் ஐந்து அசை, நடுவில் ஒரு "ழ".

அடுத்த மே மாதம் புதுப் பட்டியல் வந்ததும் தேடினேன். இல்லை. ஒரு வருடத்தில் ஐந்து குழந்தைக்குக் குறைவாக வைத்த பெயரை அந்தரங்கம் கருதி அவர்கள் வெளியிடுவதில்லை. அம்மா விறாந்தையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தா. போய்ச் சொன்னேன்: "அம்மா, அமெரிக்கா முழுக்க அந்த வருசம் இந்தப் பேரில எங்கட பிள்ளையோட சேர்த்து மிஞ்சினா நாலு பேர்."

அம்மா கை ஆய்வதை நிறுத்தவில்லை.

"மற்ற மூண்டு பேரும் எந்த ஊர் ஆக்கள்?"