புளோக் குழுவுக்கு எழுதிய விதிகள்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு விதிகள் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எல்லாரும் முதலில் சொன்னது 'மரியாதையாகப் பேச வேண்டும்' என்பதுதான். அதை நான் சேர்க்கவில்லை. எது மரியாதை என்பதில் பணி ஓய்வு பெற்ற அண்ணனுக்கும் தொடக்கக்கல்லூரி முடித்த தம்பிக்கும் கருத்து ஒத்துப்போகாது என்பதால், அவ்விதியைக் காட்டி யாரைக் கண்டித்தாலும் அது ஓரவஞ்சனையாகவே தெரியும். எந்தச் செயல் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லும் விதியைத்தான் நடைமுறைப்படுத்த முடியும்.

அதிகம் யோசிக்க வைத்தவை அண்டைவீட்டாரைப் பற்றிய புகார்கள். மேல்வீட்டுத் துணியிலிருந்து நீர் சொட்டுகிறது, செருப்பு அலமாரி வழியை அடைக்கிறது என்று படமெடுத்து, வீட்டு எண்ணையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். புகாரில் நியாயம் இருக்கலாம். பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாமல் வழிவிட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. ஆனால், துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் 2020 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, தொல்லை தரும் நோக்கத்துடன் ஒருவரை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிட்டு அவருக்குத் தொல்லை விளைவிப்பது குற்றமாகும். படம் போட்டவருக்கு அந்த நோக்கம் இல்லாமலிருக்கலாம். அதன்கீழ் வரிசையாக வரும் பதில்கள் எங்கே போய் நிற்கும் என்பது அவர் கையில் இல்லை. ஆகவே முகம், வீட்டு எண், வாகன எண் தெரியும் படங்களுக்கு இடமில்லை என்றும், புகார்களை நகர மன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும், பேசித் தீராத சச்சரவுக்கு 1998 முதல் இயங்கிவரும் சமூக சமரச நிலையத்தை நாடலாம் என்றும் எழுதினேன்.

வதந்திகளுக்கு எளிய வழி கிடைத்தது. பலமுறை கைமாறிய செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி இடுகிறது. அக்குறியுள்ள எதையும் மூலச் செய்தியின் இணைப்பு இல்லாமல் பகிரக் கூடாது. பொய்யா மெய்யா என்று நிர்வாகி தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை என்பதே இதன் வசதி. இணையத்தில் பொய்ச் செய்தி பரவுவதைத் தடுக்கும் பொஃப்மா சட்டம் தனிப்பட்ட குழுக்களுக்கும் பொருந்தும் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டேன்.

தீபாவளிக்கு முறுக்கு விற்கும் அக்காமார் விளம்பரம் போட வெள்ளிக்கிழமை ஒதுக்கப்பட்டது. காலை வணக்கப் படங்களைத் தடைசெய்யத்தான் எனக்கு ஆசை. பெரும்பான்மை என் பக்கம் இல்லை.

விதி மீறிய பதிவை நிர்வாகி நீக்கலாம். காரணத்தைப் பதிவிட்டவருக்குத் தனிச்செய்தியில்தான் சொல்ல வேண்டும். "அண்ணே, படத்தில் வீட்டு எண் தெரிகிறது, மறைத்துவிட்டுப் போடுங்கள்" என்றால் அவர் போட்டுவிடுவார். அதையே பலர் முன்னால் சொன்னால் குழுவைவிட்டே போய்விடுவார். நிர்வாகியின் பதிவே விதியை மீறினால், மற்ற இரு நிர்வாகிகளில் ஒருவர் நீக்குவார்.