அவர் பெயரில் இருந்த கணக்குகளும் கடன்களும்

என் கணவர் இறந்த பிறகு வங்கிகளில் நான் பேசிய பேச்செல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நின்றது: இந்தத் தாளில் என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது? கணக்கு என்றால் நான் கூட்டுக் கணக்குதாரரா, நாமினியா, வாரிசு மட்டுமா? கடன் என்றால் சேர்ந்து வாங்கியவளா, ஜாமீன் கையெழுத்துப் போட்டவளா, இரண்டும் இல்லையா? ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு பதில் சொல்கிறது. கவுன்டரில் இருப்பவர்கள் பல நேரம் அதைப் பிரித்துச் சொல்வதில்லை. அந்த நாட்களில் நமக்கும் கேட்கத் தெம்பு இருக்காது. இதே நிலையில் இப்போது இருக்கும் ஒருவருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். சொல்வதெல்லாம் இந்தியச் சட்டமும் தமிழ்நாட்டு நடைமுறையும்.

முதலில் கையில் வேண்டியவை இரண்டு. ஒன்று, இறப்புச் சான்றிதழ். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் அலைச்சல் குறையும். பெயரின் எழுத்துகள் ஆதாரிலும் பான் அட்டையிலும் இருப்பது போலவே சான்றிதழிலும் இருக்கின்றனவா என்று வாங்கும் இடத்திலேயே பார்த்துவிடுங்கள். ஒரு இன்ஷியல் மாறினாலும் ஒவ்வொரு அலுவலகத்திலும் அஃபிடவிட் கேட்பார்கள். இரண்டாவது, வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ, வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து தாசில்தார் தருவார். வாரிசுரிமைச் சான்றிதழ் என்று ஒன்று தனியாக இருக்கிறது. அது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி சிவில் நீதிமன்றம் கொடுப்பது. செலவும் காலமும் அதிகம். வங்கியில் "வாரிசு சர்டிபிகேட் கொண்டு வாங்க" என்று சொன்னால் எது என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். நாமினி இருக்கும் கணக்குக்கு நீதிமன்றச் சான்றிதழ் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2005லிருந்தே சொல்லி வரும் விதி.

அவர் போன அந்த வாரமே உறவினர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், "வங்கிக்குச் சொல்றதுக்கு முன்னாடி ஏடிஎம் கார்டுல எடுத்துடும்மா" என்றார். நான் எடுக்கவில்லை. கணக்குக்காரர் இறந்த பிறகு அவருடைய கார்டையும் ரகசிய எண்ணையும் பயன்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. நாளைக்கு வேறொரு வாரிசு கேள்வி கேட்டால் நியாயமாக வாங்க வேண்டிய பணத்துக்கே பதில் சொல்ல வேண்டி வரும். கைச்செலவுக்கு எங்கள் கூட்டுக் கணக்கு இருந்தது. 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் திறந்தது. இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததும் அவர் பெயரை நீக்கிவிட்டு என் பெயரில் தொடர விட்டார்கள். 'இருவரும் சேர்ந்து' என்று இருந்திருந்தால் இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. உங்கள் வீட்டு பாஸ்புக்கில் எந்த முறை அச்சிட்டிருக்கிறது என்று இன்றைக்கே ஒரு பார்வை பாருங்கள்.

ஆனால் அவருடைய செல்போன் எண்ணை ரத்து செய்யவில்லை. ரீசார்ஜ் போட்டு வைத்திருந்தேன். எனக்குத் தெரியாத ஒரு கிரெடிட் கார்டு பாக்கி, ஒரு தவணை, ஒரு காப்பீட்டு பிரீமியம் என்று எல்லாம் குறுஞ்செய்தியாக அதில்தான் வந்தன. அவருக்கு என்னென்ன கணக்கு, என்னென்ன கடன் என்ற பட்டியல் பாதி அந்த எண்ணிலிருந்தும் மீதி பாஸ்புக் வரிகளிலிருந்தும் உருவானது.

பாஸ்புக்கை வரி வரியாகப் படிக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மே மாதத்தில் 436 ரூபாய் கழிந்திருந்தது. அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டத்தின் ஆண்டு பிரீமியம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம், 55 வயது வரை பாதுகாப்பு. வங்கியில் யாரும் தாமாகச் சொல்லவில்லை. அந்த வரியைக் காட்டிக் கேட்ட பிறகுதான் கிளெய்ம் படிவத்தை எடுத்துக் கொடுத்தார்கள். 20 ரூபாய் கழிந்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்தவருக்கு அதிலும் 2 லட்சம் உண்டு. இந்தச் சின்னத் தொகைகளைப் பார்க்காமல் எத்தனை குடும்பங்கள் கணக்கை மூடிவிட்டுப் போயிருக்குமோ என்ற நினைப்பு எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

சம்பளக் கணக்கிலும் வைப்புத்தொகையிலும் நான் நாமினி. பணம் என் கைக்கு வந்தது. வந்ததாலேயே அது முழுக்க என்னுடையது ஆகிவிடாது. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ளத் தகுதியானவர், அவ்வளவுதான். வாரிசுகளுக்காக அதை வைத்திருக்கிறார். உச்ச நீதிமன்றம் வங்கி வைப்புகளைப் பற்றி 2010லும் பங்குகளைப் பற்றி 2023லும் இதைத்தான் சொன்னது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, பிள்ளைகளோடு தாயும் சமமாக இருக்கிறார். தந்தை அந்த வகுப்பில் இல்லை. என் அத்தையிடம் நானே இதைச் சொன்னேன். "எனக்கெதுக்கும்மா?" என்றார். "உங்க பங்கு உங்க பேர்ல இருக்கட்டும் அத்தை, அப்புறம் உங்க இஷ்டம்" என்று சொல்லி அவர் கணக்கில் போட்டேன். வேறு மதத்தவருக்குப் பங்கு முறை வேறு. வாரிசுகளுக்குள் மனஸ்தாபம் இருந்தால் முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்னால் எடுக்க வேண்டியிருந்தது. இறப்பு காரணமாக எடுத்தால் அபராதம் பிடிக்கக் கூடாது. கணக்கிட்டுக் கொடுத்த தாளில் பிடித்திருந்தார்கள். விதியைச் சொல்லி எழுதிக் கொடுத்ததும் திருத்தினார்கள்.

நாமினி போடாத பழைய கணக்கு ஒன்றுதான் அதிக நேரம் தின்றது. முத்திரைத்தாளில் பிணைமுறி (நாளைக்கு வேறு யாராவது உரிமை கேட்டால் வங்கிக்கு ஈடு தருகிறேன் என்ற உறுதி), இரண்டு ஜாமீன்தாரர்கள், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் என்று நீண்டது. இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் புதிய விதிகள் வெளியிட்டு, 2026 மார்ச் 31க்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. நாமினி இல்லாத கணக்காக இருந்தாலும் வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரை எளிய முறையில் தீர்க்க வேண்டும். ஆவணங்கள் முழுமையாகக் கிடைத்த 15 நாளில் முடிக்க வேண்டும். வங்கியால் தாமதமானால் வட்டியோடு ஈடு தர வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். வங்கிக்குப் போகும்போது எதைக் கொடுத்தாலும் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அந்த 15 நாள் எப்போது தொடங்கியது என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி.

கடன்களுக்கு வருகிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்தப் பகுதிதான்.

வீட்டுக் கடனில் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டவள். அவர் இறந்தாலும் அது என் கடன்தான், முழுத் தொகைக்கும். இதில் வாதாட இடமில்லை. ஆனால் கடன் கொடுத்தபோது அவர் உயிருக்குக் கடன் காப்பீடு எடுத்திருந்தார்கள். அந்த பிரீமியத்தையும் கடனோடு சேர்த்திருந்தார்கள். அனுமதிக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அது இருந்தது. காப்பீட்டுப் பணம் வந்து சேரும்வரை இஎம்ஐயை நிறுத்தாமல் கட்டினேன். நிறுத்தியிருந்தால் தவணை தவறியதாக என் பெயரில்தான் பதிவாகியிருக்கும். கடன் முடிந்ததும் பத்திரத்தைத் திருப்பி வாங்கும் வேலை. முழுக்கத் தீர்ந்த 30 நாளில் அசல் ஆவணங்களைத் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று 2023 டிசம்பரிலிருந்து விதி இருக்கிறது.

தனிநபர் கடன் அவர் பெயரில் மட்டும் இருந்தது. நான் அதில் எங்குமே இல்லை. ஆனாலும் என் எண்ணுக்கு அழைப்புகள் வந்தன. "மேடம், நீங்கதானே மனைவி, நீங்கதான் கட்டணும்" என்றார்கள். பிறகு ஒரு கடிதம் கொண்டு வந்தார்கள். மீதித் தவணைகளை நான் கட்டச் சம்மதிக்கிறேன் என்பது அதன் சாரம். கையெழுத்துப் போட்டிருந்தால் இல்லாத பொறுப்பு அன்றைக்கே என் தலையில் ஏறியிருக்கும். போடவில்லை. சட்டம் இதுதான்: இறந்தவரின் கடனுக்கு வாரிசு பொறுப்பு, ஆனால் அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கு மட்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 50, 52 பிரிவுகள் இதைச் சொல்கின்றன. என் சம்பளத்திலும் என் சேமிப்பிலும் அந்த வங்கிக்கு உரிமை இல்லை. இதையே கடிதமாக எழுதி, இறப்புச் சான்றிதழ் நகலை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான் சேர்ந்து வாங்கியவளும் இல்லை, ஜாமீன்தாரரும் இல்லை, இனி எதுவானாலும் எழுத்தில் தெரிவியுங்கள் என்று. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் அழைப்பு வரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியையும் அதில் சேர்த்தேன். அழைப்புகள் நின்றன.

அதற்காக அந்தக் கடனை மறுக்கவும் இல்லை. அவர் வாங்கியது. அவர் விட்டுச் சென்ற பணத்திலிருந்து அதைத் தீர்ப்பது நியாயம். அதே வங்கியில் அவர் தனிப்பெயரில் இருந்த வைப்பில் ஈடு செய்துகொள்ளச் சம்மதித்து, அபராத வட்டியைத் தள்ளச் சொல்லிப் பேசி, நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கினேன். கிரெடிட் கார்டு பாக்கியும் அப்படித்தான் தீர்ந்தது. அந்தக் கார்டோடு எனக்கும் ஒரு கூடுதல் கார்டு கொடுத்திருந்தார்கள். செய்தி சொன்ன அன்றே அதை வெட்டிப் போட்டுவிட்டேன்.

அவருடைய வருங்கால வைப்பு நிதியில் மட்டும் கடன்காரர் யாரும் கை வைக்க முடியவில்லை. அப்போது நடப்பிலிருந்த 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, உறுப்பினர் இறந்தால் அந்தப் பணம் அவருடைய கடன்களிலிருந்து விடுபட்டு நாமினியைச் சேர்கிறது. அதோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை உண்டு, குடும்ப ஓய்வூதியமும் தனியாக உண்டு. வேலை பார்த்த நிறுவனத்தின் மனிதவளத் துறையில் கேட்டால் படிவங்களைத் தருவார்கள்.

கைமாற்றுக் கடன் என்று சொல்லிக்கொண்டும் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். யாரையும் அவமதிக்கவில்லை. "புரோநோட்டு இருந்தா ஒரு நகல் குடுங்கண்ணா, அவர் கணக்கோட வச்சுப் பார்த்துச் சொல்றேன்" என்றேன். நோட்டோடு வந்தவருக்குத் தேதியும் கையெழுத்தும் சரிபார்த்துக் கொடுத்தேன். புரோநோட்டை வைத்து வழக்குப் போடச் சட்டப்படி மூன்று வருடக் கெடு உண்டு. நகல் கொண்டு வருவதாகச் சொன்ன சிலர் திரும்பி வரவில்லை.

ஏதாவது ஒரு வங்கி இழுத்தடித்தால் முதலில் அந்த வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் கிடையாது. வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண் இருக்கிறது. மறந்துபோன பழைய கணக்குகளை ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' தளத்தில் பெயரையும் பான் எண்ணையும் போட்டுத் தேடலாம். பத்து வருடம் தொடாமல் கிடந்த வைப்புகள் அங்கே தெரியும், அவற்றை வாரிசுகள் பிறகும் கேட்டு வாங்கலாம்.

கடைசியாக வருமான வரி. அந்த ஆண்டில் அவர் இறந்த தேதிவரை வந்த வருமானத்துக்குச் சட்டப்படியான வாரிசாக நான்தான் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். வரித் துறையின் தளத்தில் வாரிசாகப் பதிந்துகொண்டால் அவருடைய பான் எண்ணிலேயே தாக்கல் செய்யலாம். அவருக்கு வரவேண்டிய ரீஃபண்டும் இருந்தால் அது முடியும்வரை பான் அட்டையை ஒப்படைத்துவிடாதீர்கள்.