தொண்டையில் அடைத்த மாதிரி

ஜூன் 4
தொண்டைக்குழியில் ஏதோ நிற்கிற மாதிரியே இருக்கிறது. சாப்பாடும் தண்ணீரும் தடையில்லாமல் இறங்குகின்றன. சாப்பிடும்போது அது இருப்பதே தெரிவதில்லை. வெறும் எச்சிலை விழுங்கினால்தான் உருண்டை. இணையத்தில் தேடினால் எடுத்த எடுப்பிலேயே புற்றுநோய்தான் வருகிறது. இன்றும் தூக்கம் போச்சு.

ஜூன் 7
காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தேன். "சாப்பாடு சிக்குதா, சும்மா இருக்கும்போது உறுத்துதா?" என்பதுதான் முதல் கேள்வி. உணவு சிக்கினால், விழுங்க வலித்தால், எடை குறைந்தால், குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தால், கழுத்தில் கட்டியோ ஒரு பக்கம் மட்டும் வலியோ இருந்தால் தள்ளிப்போடவே கூடாதாம். புகை, மது பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

எச்சில் விழுங்கச் சொல்லி தைராய்டைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, மெல்லிய கேமரா குழாயை உள்ளே விட்டார். மருந்தின் கசப்பு தொண்டை வரை இறங்கியது. 'ஈ' என்றதும் திரையில் குரல்நாண்கள் இரண்டும் வந்து சேர்ந்தன. கட்டி ஏதும் இல்லை.

ஜூன் 8
கட்டி இல்லையென்றால் இந்த உணர்வு எங்கிருந்து வருகிறது? இரைப்பை அமிலம் தொண்டை வரை ஏறி வருவது ஒரு காரணம். நெஞ்செரிச்சல் இல்லாமலும் இது நடக்கும். மூக்கின் பின்புறமாக வழியும் சளி, தைராய்டு வீக்கம் இன்னும் சில. உணவுக்குழாயின் வாசலில் இருக்கும் வளையத்தசை இறுகினாலும் இப்படித்தான் இருக்கும். கவலையில் உறுத்தல் கூடும். அதனால் இதை 'எல்லாம் மனப்பிரமை' என்று ஒதுக்குவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. தசை இறுகுவது உடம்பில்தானே நடக்கிறது! நோய் இல்லாதவர்களிலேயே 45 சதவீதம் பேர் வரை எப்போதாவது இதை உணர்ந்திருக்கிறார்கள்.

ஜூன் 16
கனைப்பதை நிறுத்துவதுதான் பெரும்பாடு. கனைக்கக் கனைக்க குரல்நாண்கள் உரசிப் புண்படுகின்றன, உறுத்தல் கூடுகிறது, மறுபடி கனைக்கத் தோன்றுகிறது. எச்சிலைத் திரும்பத் திரும்ப விழுங்கிப் பார்ப்பதும் அப்படியே. கனைக்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுகிறேன்.

ஜூன் 29
குறைந்திருக்கிறது, போகவில்லை. வேலை நெருக்கும் நாட்களில் மாலைக்குள் வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் வந்து வந்து போகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். சாப்பாடு சிக்க ஆரம்பித்தால் மட்டும் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.