பூங்கா இடத்துக்கு தானப் பத்திரம் தேடி நாலு மாசம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் லேஅவுட் பூங்காவில் நாலு பேர் எல்லைக்கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். பூங்கா என்பதெல்லாம் வரைபடத்தில்தான், நேரில் பார்த்தால் சீமைக்கருவேலமும் துருப்பிடித்த ஒரு சறுக்குமரமும்தான் இருக்கும். கேட்டால், புரோமோட்டரின் வாரிசுகள் அதை மனையாகப் பிரித்து விற்கிறார்களாம், அட்வான்ஸ் கூட வாங்கியாச்சாம்.

எங்கள் லேஅவுட் 5 ஏக்கர், கோவைப் பக்கம், 1990களில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வாங்கியது. சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போக மீதியில் 10 சதவீதம், அதாவது 35 சென்ட், பூங்காவுக்கு. இப்போதைய 2019 கட்டட விதிகளிலும் லேஅவுட் 10,000 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) மேல் போனால் இந்த 10 சதவீதத்தை இடமாகவே ஒதுக்கி உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். (3,000 முதல் 10,000 வரை என்றால், இடம் தர வழியில்லாதபோது பணமாகக் கட்ட வழி உண்டு.) அப்ரூவ்டு வரைபடத்தில் பச்சையாகப் 'பூங்கா' என்று போட்டிருக்கிறதே, அது போதாதா என்று நினைத்துக்கொண்டுதான் நகராட்சிக்குப் போனேன்.

அங்கே கிளார்க் வரைபடத்தைப் பிரிக்கக்கூட இல்லை. "தானப் பத்திரம் இருக்குங்களா சார்?" என்றார். உங்களுக்குத்தானே எழுதிக் கொடுத்திருப்பார்கள், உங்களிடம்தானே இருக்க வேண்டும் என்றேன். "அப்ப இது ஊராட்சிங்க. நகராட்சியோட சேர்த்தப்ப அந்த ஃபைலெல்லாம் எங்களுக்கு வரலை." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அடுத்த வாரம் போனால் அவர் லீவு, அதற்கடுத்த வாரம் எலெக்‌ஷன் டியூட்டி.

சரி, ஆர்டிஐ போடுவோம் என்று 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். அதிலும் சொதப்பல், என்னுடையதுதான். 'பூங்கா ஏன் பராமரிக்கப்படவில்லை? ஆக்கிரமிப்பை ஏன் தடுக்கவில்லை?' என்று ஆத்திரத்தில் கேள்வியாக அடுக்கிவிட்டேன். முப்பதாவது நாள் ஒரே வரியில் பதில்: விளக்கம் கேட்பது தகவல் ஆகாது. நீங்கள் போடுவதாக இருந்தால் 'ஏன்' என்ற வார்த்தையே வரக்கூடாது. இன்ன ஆவணத்தின் நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

இதற்கிடையே நெட்டில் வில்லங்கம் (ஒரு இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. தானம் என்று ஒரு வரி கூட இல்லை. எழுதிக் கொடுக்கவே இல்லை என்று முடிவுகட்டி வக்கீலிடம் போகக் கிளம்பினேன், அப்போது சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் ஒரு வயதான பத்திர எழுத்தர்தான் என் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்க மனையோட நம்பரைப் போட்டுத் தேடுறீங்களே தம்பி. உட்பிரிவு ஆகறதுக்கு முந்தின சர்வே நம்பரைப் போடுங்க. தானம் அதுலதான் எழுதியிருப்பான்."

போட்டேன். இருந்தது! பூங்காவும் சாலைகளும் சேர்த்து ஒரே பத்திரம், எழுதி வாங்கியவர் ஊராட்சி ஒன்றிய ஆணையர். அதனால்தான் நகராட்சியில் யாருக்கும் தெரியவில்லை. பத்திரம் ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருக்கிறது, பட்டாவை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, இத்தனை வருஷமும் பட்டா புரோமோட்டர் பெயரிலேயே கிடந்திருக்கிறது. வாரிசுகள் அந்தப் பட்டாவைக் காட்டித்தான் விற்க வந்திருக்கிறார்கள். சான்றிட்ட நகல் வாங்கியது மட்டும் சுலபமாக முடிந்தது.

நகல் கைக்கு வந்ததும் முதலில் ஓடியது நகராட்சிக்கு இல்லை, சார்பதிவாளரிடம். பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவில் உள்ளாட்சிக்குச் சொந்தமான இடத்தை வேறு யாரோ விற்றால் அவர் பதிய மறுத்தாக வேண்டும். ஆனால் அது உள்ளாட்சியுடையது என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டுமே. தானப் பத்திர நகல், அப்ரூவ்டு வரைபடம், ஆட்சேபனை மனு மூன்றையும் கொடுத்து, மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டேன். இந்த சீல் முக்கியம், வாங்காமல் நகராதீர்கள். அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே கட்டோடு போய் நின்றேன். அங்கே பதிவாகி, எண் போட்டு மேலிருந்து வந்ததும் நம்ம கிளார்க் தானே ஃபோன் செய்தார். "சார், அந்த நகல் இன்னொரு செட் கிடைக்குங்களா?"

சர்வேயர் வர மட்டும் ஆறு வாரம். அளந்தபோது 35 சென்ட்டில் 2 சென்ட்டைப் பக்கத்து காம்பவுண்ட் சுவர் விழுங்கியிருந்தது, அது தனிப் பஞ்சாயத்து. போன வாரம் பட்டா நகராட்சி பெயருக்கு மாறிவிட்டது.

நேற்று ஒருவர் வீடு தேடி வந்தார். அட்வான்ஸ் கொடுத்தவராம். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தயங்கித் தயங்கி, பணத்தைத் திருப்பிக் கேட்கக் காட்ட வேண்டும், அந்த தானப் பத்திரத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா என்றார்.