ஈர்க்குக் கட்டும் பச்சைத் தாளும்

சின்ன வகுப்புகளில் பிள்ளைகள் விளையாடிப் படிக்க வேண்டும் என்பது ஏதோ ஒரு டீச்சரின் தனி ஆசை இல்லை. 1999 இல் இலங்கை முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே அதைச் சொன்னது. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்று வழிகள். தரம் 1, 2 இல் விளையாட்டுக்கு இடம் கூட. தரம் 5 ஐ நெருங்க நெருங்க எழுத்து வேலை கூடும். நான் மட்டக்களப்பின் படுவான்கரையில் தரம் 2 படிப்பிக்கிறேன். இதெல்லாம் வழிகாட்டி நூலில் இருப்பது அம்மாமாருக்குத் தெரியாது. "டீச்சர், கொப்பியில ஒண்டும் இல்லையே, புள்ள என்ன படிச்சவன்?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

கழித்தலை எடுத்துக்கொள்வோம். 43 இலிருந்து 17 ஐக் கழிக்கக் கொப்பியில் கொடுத்தால் பாதி வகுப்பு 34 என்று எழுதும். மூன்றிலிருந்து ஏழு போகாது, சரி, ஏழிலிருந்து மூன்றைக் கழிப்போம் என்று பிள்ளை தானே ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறது. சிவப்புப் பேனையால் பிழை போட்டால் எங்கே பிழைத்தது என்று அதற்குப் புரியாது. அதையே தென்னோலை ஈர்க்கில் செய்யட்டும். பத்துப் பத்தாக றப்பர் பேண்ட் போட்ட நாலு கட்டு, உதிரியாக மூன்று. அதை வைத்திருக்கும் பிள்ளைதான் கடைக்காரர், பக்கத்துப் பிள்ளை பதினேழு கேட்டு நிற்கிறது. கையில் மூன்று உதிரிதான் இருக்கும்போது ஏழை எப்படிக் கொடுப்பது? யாரும் சொல்லாமலே ஒரு கட்டின் றப்பர் பேண்டைக் கழற்றுவார்கள். பதின்மூன்றில் ஏழு போனால் ஆறு, மிச்சக் கட்டுகளில் ஒன்றைக் கொடுத்தால் இரண்டு. 26. இங்கே 34 வர வழியே இல்லை, கையே அதற்கு விடாது.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் எனக்குப் பெரிய பாடு. "கட்டைப் பிரி மகன்" என்று சொல்லிவிட்டால் விளையாட்டு முடிந்தது, அது பழையபடி என் பாடமாகிவிடும்.

காசு வைத்துக் கடை விளையாடுவதுதான் இப்போது சிக்கல். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று விலை எழுதி வைத்தால் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். 2022 இன் விலையேற்றத்துக்குப் பிந்திய விலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். பத்து ரூபாய்க்கு முட்டை எந்த ஊரில் விற்கிறது? ஆனால் அவர்களுக்கு நூறு செம்மஞ்சள், ஆயிரம் பச்சை என்று தாள்களின் நிறம் அத்துப்படி. பின்னேரங்களில் வீட்டுக் கடையில் நிற்கும் ஒரு பையன், பத்துச் செம்மஞ்சள் கொடுத்தால் ஒரு பச்சை என்று மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினான். தரம் 2 இல் நூறைத் தாண்டிப் போக எனக்கு அவசரமில்லை. ஆனாலும் பத்தைக் கட்டி ஒன்றாக்குவதும், ஒன்றைப் பிரித்துப் பத்தாக்குவதும் அவனுக்கு எப்போதோ பிடிபட்டிருந்தது. அதனால் கடையில் விலையை எடுத்துவிட்டு, மாற்றுவதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, சிப்பி, சோடா மூடி என்று கிடைப்பதெல்லாம் நல்லவை. குன்றிமணி மட்டும் வேண்டாம். அழகுதான், ஆனால் விதைக்குள் நஞ்சு. இந்த வயதில் வாய்க்குள் போகாத பொருளும் இல்லை.

சத்தம் வரும், அதை மறைக்க முடியாது. அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு என்பதால் அந்த டீச்சருடன் பேசி நேரத்தை ஒழுங்கு செய்ய வேண்டியிருக்கிறது.

செயற்பாடு என்ற பெயரில் நடப்பதெல்லாம் எனக்கு உடன்பாடு என்றும் இல்லை. டீச்சர் இரவிரவாக பிறிஸ்டல் போட் வெட்டி ஒட்டி, லமினேட் பண்ணிச் சுவரில் தொங்கவிடுவார். பிள்ளை தொட்டால் பழுதாகிவிடும் என்று அது மேலேயே இருக்கும். பார்க்க வருபவர்கள் மெச்சுவார்கள். தொடமுடியாத பொருளில் பிள்ளைக்கு என்ன வேலை?

இன்னொன்று, ஈர்க்கோடு நிறுத்தினாலும் போதாது. அடுத்த நாளே அதே கணக்கைக் கொப்பியில் எழுத வைக்கிறேன், பக்கத்தில் கட்டுகளைப் படமாகக் கீறவும் சொல்கிறேன். அம்மாமாரின் கேள்விக்கும் அதுவே பதில்: பிரித்த கட்டைக் கீறிக் காட்டிய பக்கத்தைத் திறந்து, "இதை வீட்டில் ஒருக்கா செய்து காட்டச் சொல்லுங்கள்" என்பேன்.

தரம் 3 போனதும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பற்றிய பேச்சுத் தொடங்கிவிடும், ரியூசன், கடந்தகால வினாத்தாள் என்று. ஈர்க்குப் பெட்டி அலுமாரிக்குப் போகும். பின்னம் படிக்கும் வயதில்தான் ஒரு ரொட்டியை நாலாகவும் எட்டாகவும் பிய்த்துப் பார்ப்பது இன்னும் தேவை என்று மேல் வகுப்பு டீச்சர்மாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் மட்டும் பெட்டியை இரவல் கேட்டிருக்கிறார்.