கடை திறக்கும் முன்னும் அடைத்த பின்னும்

திருநெல்வேலி டவுனின் வடக்கு ரத வீதியைக் காலை ஏழரை மணிக்குப் பார்த்தவரும் பத்து மணிக்குப் பார்த்தவரும் ஒரே தெருவைத்தான் சொல்கிறார்கள் என்று நம்புவது கஷ்டம். ஆறு மணிக்கு வருகைப் பதிவு முடிந்து, ஏழரைக்குள் எங்கள் தூய்மைப் பணியாளர்கள் தெருவைத் தூத்துப் பெருக்கியிருப்பார்கள். ஒன்பதரை, பத்துக்குக் கடை ஷட்டர்கள் ஏறும். நேற்றைய அட்டை, பாலித்தீன் உறை, சட்டைக் காலருக்குள் வைக்கிற பிளாஸ்டிக் பட்டை, குண்டூசி, டீ கப் எல்லாம் ஒரே தள்ளாக வாசலுக்கு வரும். அதற்குள் குப்பை வண்டி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். சாயங்காலம் வருகிற ஜனம் அதன் மேல்தான் நடக்கும்.

தூய்மைப் பணி ஒப்பந்தம் எடுத்திருந்த ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையாளராகச் சில வருஷம் திருநெல்வேலி டவுனில் நின்றேன். இந்தக் கடைத்தெருவில் ஆள் பற்றாக்குறையை விடப் பெரிய தொல்லை இந்த இரண்டரை மணி நேரம்தான். ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவரிடம், ராத்திரியே கூட்டி மூட்டை கட்டி வையுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "நாங்க வரி கட்டுதோம்லா தம்பி. ராத்திரி பத்து மணிக்கு மேல தூத்தச் சொன்னா வேலைக்கு வார பிள்ளைய எப்பம் வீடு போய்ச் சேரும்?" என்றார். வரி கட்டுகிற பேச்சை விடுங்கள், பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்னது நியாயம். பகலெல்லாம் நின்றே விற்கிற பெண்கள் அவர்கள்.

1994-இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூர் பேரூராட்சியும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆனது. ஊர் ஒன்றானாலும் கடைத்தெருக்களின் கடிகாரம் ஒன்றாகவில்லை. ஜங்ஷன் பகுதி பஸ்ஸையும் ரயிலையும் பார்த்து விழிக்கிறது. காய்கறி மார்க்கெட் விடியும் முன்பே பாதி வியாபாரம் முடித்துவிடும். ரத வீதிகளுக்குச் சாயங்காலம்தான் உயிர். இது மூன்றுக்கும் ஒரே ஆறு மணி வருகைப் பதிவு போட்டால், ஏதாவது ஒன்று அழுக்காகத்தான் கிடக்கும்.

2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்னன: மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் அபாயக் கழிவு. வியாபாரிகள் சங்கங்களும் உள்ளாட்சியோடு சேர்ந்து இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் இருந்தது. கடைத்தெருவில் நான்காவது வகை ஒன்று இருக்கிறது: யாருடையது என்று யாருமே ஒத்துக்கொள்ளாத குப்பை. இரண்டு கடைக்கு நடுவில் இருக்கிற சுவரோரம் அதன் இடம். அங்கே தொட்டி வைத்தால் பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருவார். வைக்காவிட்டால் அதே இடத்தில் தரையில் கிடக்கும்.

நின்று பார்க்கப் பார்க்க ஒவ்வொரு கடைக்கும் ஒரு குணம் தெரிந்தது. அட்டைப்பெட்டிக்குப் பழைய இரும்புக் கடையில் விலை இருக்கிற வரை எங்களுக்கு வேலையே வைக்காது, நாங்கள் வருமுன்பே பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். விலை இறங்கிய மாதம் அட்டை மலை மாதிரி நிற்கும். பழைய பேப்பர், அட்டை விலையை மேற்பார்வையாளர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நகைப் பட்டறை வாசல் மண்ணுக்கோ தனி மவுசு. அதை அரித்துப் பார்த்துத் தங்கத் துகள் எடுக்கிறவர்கள் உண்டு, அந்த வாசலை நாங்கள் கூட்டினால் அவர்களுக்குக் கோபம் வரும். கீழ ரத வீதியில் அல்வா வாங்குகிறவர்கள் பாதிப் பேர் நின்ற இடத்திலேயே சுடச்சுடத் தின்பார்கள். நெய் பட்ட இலை, கை துடைத்த காகிதம், அதைத் தேடி நாய், மாடு. இலையைக் குப்பையாகப் பார்த்தால் சின்ன விஷயம். நெய் தரையில் பட்டு அதன் மேல் தூசி ஒட்டினால் விளக்குமாறு தோற்றுவிடும், பிளீச்சிங் பவுடர் போட்டும் கறை நிற்கும். ஒரு தொட்டியைக் கடையிலிருந்து நாலடி தள்ளி வைத்தால் ஒருவரும் போடமாட்டார்கள், தின்கிறவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தால் நிரம்பிவிடும். நாலடிதான் வித்தியாசம்.

வாறுகால், அதாவது தெருவோரச் சாக்கடை விஷயத்துக்கு வருகிறேன். கடைக்கு ஏற வசதியாக வாறுகால் மேல் சிலாப் போட்டுவிடுகிறார்கள். சிலர் அதன் மேல் டைல்ஸும் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் உள்ளே மண் எடுக்க வழி கிடையாது. எடுத்த இடத்திலும், சகதி காயட்டும் என்று ஓரத்திலேயே குவித்து வைப்பது வழக்கம். அன்று ராத்திரி ஒரு மழை பெய்தால் மொத்தமும் திரும்ப உள்ளே போய்விடும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையில் ஆளை இறக்கக் கூடாது என்று, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதனால் சிலாப்பைப் பெயர்த்து மேலிருந்து எடுப்பதுதான் வழி. பெயர்க்கப் போனால் அண்ணாச்சிக்கு யாரையாவது தெரிந்திருக்கும், போன் வரும். எங்கள் ஊரில் தீபாவளி வியாபாரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருவதால் புரட்டாசிக்குள் முடிக்காத வாறுகால் வேலை, முடிக்காததுதான்.

அதற்காக எல்லா வெள்ளத்துக்கும் வாறுகாலைக் குறை சொல்லக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி வெள்ளம் ஜங்ஷனுக்குள் வந்தபோது, "சாக்கடையச் சரியா அள்ளலை" என்று எங்களைத் திட்டியவர்கள் உண்டு. காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டிய மழை அது. எந்த வாறுகாலும் அதைத் தாங்காது. தண்ணீர் வடிந்தபின் சேற்றோடு வெளியே வந்த துணிக்கட்டும் மாவு மூட்டையும் மெத்தையும், தண்ணீர் குடித்து ஒன்றுக்கு மூன்று மடங்கு கனத்தன. அந்த வாரம் வெளியூர்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்கள் வந்துதான் ஊரை மீட்டார்கள்.

ஆக்கிரமிப்பைப் பொறுத்தவரை டவுனுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஆனி மாதம் நெல்லையப்பர் கோயில் தேர் நான்கு ரத வீதிகளிலும் ஓட வேண்டும். முன்னால் நீட்டிய தகரமும் பலகையும் அதற்கு முன் உள்ளே போயாக வேண்டும். நோட்டீஸுக்கு நகராத தகரம் தேருக்கு நகர்ந்துவிடும். இந்த நான்கு வீதிகள் இன்னும் இவ்வளவு அகலமாக மிஞ்சியிருப்பதற்குத் தேர்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். தேர் போகாத குறுக்குச் சந்துகளைப் போய்ப் பாருங்கள், தெரியும்.

தெருவோர வியாபாரிகளை அந்தத் தகரத்தோடு சேர்த்துப் பேசுவதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களைக் கணக்கெடுத்து, சான்று கொடுத்து, இடம் ஒதுக்க வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது அவர்களே இருக்க வேண்டும். சட்டம் இருக்கட்டும், நான் சொல்வது ராத்திரிச் சங்கதி. ரத வீதியின் வெளிச்சத்தில் பாதி கடைகளின் பெயர்ப்பலகையிலிருந்து வருகிறது. பத்து மணிக்குக் கடை அடைத்தால் அதுவும் அணையும். கம்பத்து எல்.இ.டி. விளக்கு எரிந்தாலும் பிளக்ஸ் போர்டு நிழலும் தார்ப்பாய் நிழலும் ஓரத்தை இருட்டாக்கிவிடும். கண்காணிப்பு கேமராக்கள் பெரும்பாலும் கல்லாவையும் கடை வாசலையும்தான் பார்க்கின்றன. நடந்து முடிந்ததை மறுநாள் காட்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் சன்னதிப் பக்கம் பூ விற்கிற அக்காமார்களும், வாகையடி முக்கில் ஆட்டோ போட்டிருக்கிற அண்ணன்மார்களும். வழிதவறி அழுகிற பிள்ளையை முதலில் பிடித்து உட்கார வைப்பது அவர்கள்தான். பூக்கடைகளை ஒரு சமயம் அப்புறப்படுத்திவிட்டார்கள். தெரு பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்பதரைக்கு மேல் அந்தப் பக்கம் பெண்கள் தனியாக நடப்பது குறைந்ததை எங்கள் ஆட்கள்தான் முதலில் சொன்னார்கள்.

சுவரில் சாமி படம் வரைந்து சிறுநீர் கழிப்பதைத் தடுக்கிற யோசனை பற்றியும் கேட்பார்கள். ஆள் பத்தடி தள்ளிப் போவான். கட்டணக் கழிப்பறையைக் கடை அடைக்கும்வரை திறந்து வைத்து, உள்ளே பல்பு எரிந்தால் போதும்.

சரி, முதலில் சொன்ன நேரத்துக்கு ஒரு வழி கிடைத்தது: ராத்திரி பத்தரைக்கு ஒரு தடவை கூட்டுவது. ஒரு தீபாவளிக்கு முந்திய வாரங்களில் செய்து பார்த்தோம். காலையில் வேலை பாதியாகக் குறைந்தது, கடைக்காரர்களும் மூட்டை கட்டி வைக்கப் பழகினார்கள். ஆனால் கூட்டுகிறவர்களில் அதிகம் பேர் பெண்கள். "தூத்ததுக்கு எங்களுக்கு ஒண்ணுமில்ல சார். முடிச்சிட்டு எப்பிடிப் போவ? பஸ் இருக்காதுல்லா" என்று ஒரு அக்கா கேட்டார். கடைப் பிள்ளைகளுக்காக அண்ணாச்சி கேட்ட அதே கேள்வி. வியாபாரிகள் சிலர் சேர்ந்து தீபாவளி மட்டும் ஆட்டோக் காசு கொடுத்தார்கள். மற்ற மாதத்துக்குக் கேட்டபோது, அது ஒப்பந்தத்தில் இல்லை என்று நிறுவனமும், குப்பை அள்ளுவது எங்கள் பொறுப்பில்லை என்று கடைக்காரர்களும் சொன்னார்கள். அடுத்த ஒப்பந்தத்தில் ராத்திரி வேலைக்கு வண்டிச் செலவு என்று ஒரு வரி சேர்க்கும்படி எழுதிக் கொடுத்தேன். நான் அங்கே இருந்தவரை சேர்க்கவில்லை.