அத்துருகிரிய வீடும் கண்டிப் பொலிசும்

இரகசியப் படைப்பிரிவில் கறுப்பாடு இருந்தால் தேடிப் பிடிக்கலாம், ஆனால் 2002 ஜனவரி 2ஆம் திகதி கொழும்புக்குப் பக்கத்து அத்துருகிரிய மிலேனியம் சிட்டி வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்வது? உள்ளே இருந்தது இராணுவப் புலனாய்வின் ஆழ ஊடுருவும் அணி, புலிகளின் பகுதிக்குள்ளேயே இரகசியமாகப் போய்த் தாக்குகிற ஆட்கள். உடைத்துக்கொண்டு உள்ளே போனது எங்கள் கண்டிப் பொலிஸ். புலிகள் போடுகிற மாதிரி சீருடை, ஆயுதம் எல்லாம் கிடந்ததாம், உடனே அப்போதைய பிரதமர் ரணிலைக் கொல்லச் சதி என்று ஆட்களைப் பிடித்துக் கண்டிக்கே கொண்டுவந்து அடைத்தார்கள், விஷயம் பேப்பரெல்லாம் வந்துவிட்டது.

சரி, அவர்களைச் சில நாளில் விட்டார்கள், 2004இல் உச்ச நீதிமன்றம் நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. ஆனால் அந்த அணிக்குத் தகவல் கொடுத்த தமிழரும் முஸ்லிமும் அதற்குப் பிறகு புலிகளால் ஒவ்வொருவராகச் சுடப்பட்டார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் மலையகப் பிள்ளைகளைச் சோதனைச் சாவடியில் இறக்கி நிற்கவைத்த காலம் அது, சந்தேகமெல்லாம் எங்கள் மேல்தான். காட்டிக்கொடுத்தது யார் என்று விசாரணை ஆணைக்குழு வைத்தார்கள். செத்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று யாராவது போய்க் கேட்க வேண்டாமா?